தேவசகாயம் போய்க்கொண்டிருந்த வருஷங்கள்

1936ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திண்டிவனத்தில் ரயில் ஏறிய கேங்மேன் தேவசகாயம் விழுப்புரம் போய்ச் சேரவில்லை, போய்க்கொண்டிருக்கிறான். ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மயிலம் வரைக்கும் அவன் பேசிக்கொண்டு வந்தான் என்றும், பிறகு பேச்சுச் சத்தம் இல்லை என்றும், தூங்கிவிட்டான் போல என்று நினைத்ததாகவும் வேர்க்கடலை மூட்டைகளோடு அதே பெட்டியில் வந்த மல்லாட்டை வியாபாரிகள் சொன்னார்கள். சில நாள் கழித்து, மயிலத்துக்குத் தெற்கே தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் அவன் நடந்துபோவதை அங்கத்து கேங் மேஸ்திரி முருகையன் பார்த்தார். காக்கி நிஜார், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை, கையில் தூக்குப்பாத்திரம், கக்கத்தில் குடை. மேஸ்திரி கூப்பிட்டதற்கு "போய்க்கினு இருக்கேன் மேஸ்திரி" என்று திரும்பாமலே பதில் வந்தது. மேஸ்திரி வேகமாக நடந்து பார்த்தார், ஓடியும் பார்த்தார். நடுவில் இருந்த கூப்பிடு தூரம் குறையவில்லை. அடுத்த ஸ்டேஷனான பேரணியிலிருந்து சைக்கிள் வைத்திருந்த ஒருவர் ஒருநாள் முழுக்கத் துரத்திவிட்டு, டயர் தேய்ந்ததுதான் மிச்சம் என்று திரும்பினார். திண்டிவனத்தில் ஏறி ரயிலில் அவனைத் தாண்டிப் போனவர்கள், தாண்டிய பிறகு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாலும் அவன் முதுகையே பார்த்தார்கள். அந்த வருஷம் மல்லாட்டை விலை விழுந்து கிடந்தது. ஜனங்களுக்குக் கவலைப்பட வேறு காரியங்கள் இருந்தன.

தேவசகாயமும் அவன் மனைவி இருதயமேரியும் கோலியனூர்ச் சேரியில் பிறந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். ஒரே வருஷத்தில் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்தவர்கள். மேரியை மடத்துக் கன்னியர்கள் திண்டிவனத்துக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்து டீச்சர் ஆக்கினார்கள். தேவசகாயம் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் பழுதுபார்க்கிற கேங்மேன் வேலையில் சேர்ந்தான். கல்யாணமான பிறகும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலும், அவன் ரயில்வே கொடுத்த கேங் லைன் வீட்டிலும் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போவான். விழுப்புரம் போனால் கோலியனூருக்குப் போகாமல் வர முடியாது என்பதால் மேரி விழுப்புரம் போனதே இல்லை. கோலியனூரில் அவளை யாரும் ஒன்றும் சொல்லியதில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் கால் வைத்தால், புடவைக் கொசுவம் அவிழ்வது மாதிரி, படித்ததெல்லாம் அவிழ்ந்து விழுந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. தேவசகாயத்தின் தங்கை பொன்னி கல்யாணத்துக்குக்கூட அவள் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

புருஷன் வெயிலில் ஸ்லீப்பர் கட்டை தூக்கியது போதும், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குள்ளே உட்கார வேண்டும் என்று மேரி ஆசைப்பட்டாள். அதற்கு இங்கிலீஷ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாடம் ஆரம்பித்துவிடும். தேவசகாயம் மந்தமான மாணாக்கன். ஆனால் ஆசையாகப் படித்தான். கோ, வென்ட், கான் என்று சுத்தியல் போடுகிற தாளத்தில் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால், கேங்கில் மற்றவர்களுக்கும் அது பாடமாகிவிட்டது. மூன்று வடிவம் எதற்கு, போனது போனதுதானே என்று கேட்டான். ஒரு காரியம் நடக்கிறதா, நடந்து முடிந்ததா, நடந்துகொண்டே இருக்கிறதா என்று இங்கிலீஷ்காரன் பிரித்துப் பார்ப்பான் என்று மேரி சொன்னாள். ஐஎன்ஜி போட்டால் அது இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். சில வினைகளுக்கு மட்டும் ஐஎன்ஜி போடக் கூடாது. தெரிவதற்கும் நம்புவதற்கும் பிரியம் வைப்பதற்கும் போடக் கூடாது.

"இன்னாத்துக்குக் கூடாது?" என்றான் தேவசகாயம். "பிரியம் நடந்துக்கினு இருக்காதா?"

"அது அப்டிதாங்க. ரூல்."

அவன் வேறொன்று கேட்டான். "போயிட்டு வர்றேன்னு சொல்றோமே, அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

அப்படி ஒன்று அவர்களுக்கு இல்லை, ‘ஐ ஆம் கோயிங்’ என்பார்கள், அவ்வளவுதான் என்றாள் மேரி.

"திரும்பி வர்றதச் சொல்லாம எப்டி மேரி வாசப்படியத் தாண்டுறாங்க?" என்று அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடங்களைப் பார்வையிட மதராஸிலிருந்து வந்திருந்த துரைசானி அதே ரயிலில் கடலூர் போகிறாள் என்று, மேரியும் மூத்த ஆசிரியர் மாசிலாமணியும் வழியனுப்ப ஸ்டேஷனில் நின்றிருந்தார்கள். மேரியின் வகுப்பைத் துரைசானி மெச்சியிருந்தாள். மேரி கஞ்சி போட்ட புடவையில் நிமிர்ந்து நின்றாள். மூன்றாம் வகுப்புப் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு நின்ற தேவசகாயத்துக்கு மனைவியைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. வாரம் முழுக்க யோசித்து அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்த வாக்கியத்தைப் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"மேரி! ஐ யாம் கமிங்!"

புறப்படுகிற ரயிலிலிருந்து வருகிறேன் என்று கத்துகிறவனைப் பார்த்துத் துரைசானி சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மேரியின் காது மடல் சூடாகிவிட்டது. அவள் இரண்டு எட்டு முன்னால் போய், வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"கமிங் இல்ல. கோயிங். ஐ ஆம் கோயிங். திருப்பிச் சொல்லுங்க."

தேவசகாயத்தின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நல்ல மாணாக்கனாகக் கையைக் கட்டிக்கொண்டு, "ஐ யாம் கோயிங்" என்றான். துரைசானி ‘வெரி குட்’ என்றாள். கார்டு பச்சைக்கொடி காட்டினார்.

மேஸ்திரி வந்து சொன்ன மறுநாளே மேரி மயிலத்துக்குப் போய் இறங்கி, பாதையில் அவன் முதுகைப் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது, அவன் சட்டை நனையவில்லை, ஏனென்றால் அவன் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. தூக்குப்பாத்திரத்திலிருந்து அவள் வைத்துக்கொடுத்த கருவாட்டுக் குழம்பு அப்போதுதான் இறக்கினது போல மணத்தது. "என்னங்க, திரும்புங்க" என்றாள். "போய்க்கினு இருக்கேன் மேரி" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் செய்திருக்கலாம் என்று அவள் பின்னாளில் பலமுறை நினைத்தாள். வீட்டுக்குத் திரும்பி, அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். அப்புறம் வைக்கவில்லை.

மாசிலாமணி ஆசிரியர் இலக்கணத்தில் கெட்டிக்காரர், நல்ல மனுஷரும்கூட. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இது தொடர்வினை, ஆரம்பம் உண்டு, முடிவு சொல்லப்படவில்லை, ஆகவே முடிவைச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். ஒரு திங்கட்கிழமை மேரி தன் வகுப்புப் பிள்ளைகளை ‘ஹி வென்ட்’ என்று சேர்ந்து சொல்லச் சொன்னாள். பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பார்கள். மத்தியான வண்டியில் முருகையன் மேஸ்திரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "டீச்சரம்மா, ஆளக் காணோம். காலையில இருந்து பாதையில யாருமே இல்ல. கால் தடம்கூட இல்ல" என்றார். மேரி வகுப்புக்கு ஓடி, மணி அடித்து வெளியே போன பிள்ளைகளை எல்லாம் திரும்ப உட்காரவைத்து, இருட்டும்வரை ‘ஹி இஸ் கோயிங்’ என்று சொல்லவைத்தாள். மறுநாள் அவன் பாதையில் இருந்தான். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் இருந்தவரை, போவது என்ற வினையின் இறந்தகாலத்தை யாரும் நடத்தவில்லை. பிள்ளைகள் அதை மேல்வகுப்புக்குப் போனபோது வேறு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டார்கள்.

‘ஹேஸ் கான்’ என்றால் போய்விட்டான், அங்கேயே இருக்கிறான் என்று ஆகும். அது வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ‘ஹேஸ் பீன்’ என்று ஒன்று இருக்கிறது, போய்த் திரும்பிவந்தவனைப் பற்றிச் சொல்வது, அதுதான் நம்முடைய போயிட்டு வந்தாச்சு என்று மாசிலாமணி கண்டுபிடித்துக் கொடுத்தபோது மேரி சின்னப் பெண்போல அழுதாள். அப்படி ஒன்று அவர்களுக்கு இல்லை என்று அவனிடம் சொன்னது தான்தான் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலத்தில் இறங்கி அவன் பின்னாலேயே நடந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வராதவனைத் திரும்பிவந்தான் என்று சொன்னால் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும், பாதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் வாயாலேயே சொன்னால் ஒருவேளை நடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. யுத்தம் தொடங்கியிருந்த சமயம் அது. சிப்பாய்கள் நிரம்பிய வண்டிகள் தெற்கும் வடக்குமாக ஓடின. சிப்பாய்கள் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அவர்களில் சிலர் திரும்பிவந்தார்கள். மேரி கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு பாதையில் நடந்தாள்.

"வேற ஒண்ணு சொல்லித் தர்றேங்க. சொல்லுங்க."

"போதும் மேரி. இருக்கிறதயே மறக்காம பாத்துக்கினா போதும்."

"அன்னிக்கு நீங்க மொதல்ல சொன்னதயே சொல்லுங்க. அது தப்பு இல்லைங்க."

முதுகு கொஞ்ச தூரம் நடந்தது. தூக்குப்பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது.

"துரைசானி சிரிச்சாங்களே" என்றான்.

அன்றைக்கு அவள் பேரணி வரைக்கும் நடந்துவிட்டு அங்கே உட்கார்ந்துவிட்டாள். அவன் கால்கள் இப்படி நடக்கிறவையா என்று அதுவரைக்கும் அவள் பார்த்ததில்லை. இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தான். ஜல்லியில் நடந்து நடந்து வந்த பழக்கம். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவன் உச்சரிப்பையெல்லாம் அவள் அறிந்திருந்தாள், நடையை அறிந்திருக்கவில்லை. அவன் வயது அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றிருந்தது. பிடரியில் மயிர்கூட வளரவில்லை. அவளுக்கு முன்வகிட்டில் நரை இறங்கியது, மூக்குக்கண்ணாடி வந்தது. மேரி மறுகல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கன்னியர்கள் பங்குச்சாமியாரைக் கேட்டார்கள். புருஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போது முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

1947இல், ஸ்டேஷன்களில் எல்லாம் புதுக் கொடி ஏற்றிய கையோடு பிறந்த ஆவணி மாதத்தில், பொன்னி டைபாயிடில் படுத்திருக்கிறாள் என்றும், பார்த்துக்கொள்ளப் பெண்துணை இல்லை என்றும் ஊரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மேரி போவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ராத்திரி வண்டியில் விழுப்புரம் போய் இறங்கி, அங்கிருந்து கோலியனூருக்கு மாட்டுவண்டி பிடித்தாள். தெரு அப்படியே இருந்தது. யாரும் அவளை ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை; ஒரு கிழவி மட்டும் நீ யார் மகள் என்று கேட்டு, சொன்னதும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். படித்தது எதுவும் அவிழ்ந்து விழவில்லை. மேரி கேப்பைக் கஞ்சி காய்ச்சி, ஈரத்துணியால் பொன்னியின் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டு கிடந்தாள். ஜுரம் இறங்கிய அன்றைக்குப் பொன்னி கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி இது.

"அண்ணி, எங்க அண்ணன் வந்துக்கினு இருக்காரா?"

மேரி பழக்கதோஷத்தில், "வரல பொன்னி. போய்க்கிட்டிருக்கார்" என்றாள்.

"எங்க போறாரு? இங்கதான வர்றாரு" என்றாள் பொன்னி. "படுக்கறதுக்கு மொத நாள் கூடப் பாத்தேன். நம்ம ஜங்ஷன் கைகாட்டிக்கு அந்தாண்ட. இந்த வெயில்ல சட்டைப் பித்தானக்கூட அவுத்துவுடாம வர்றாரேன்னு நெனச்சேன்."

"பித்தானா?" மேரி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பித்தான் உனக்கு எப்டித் தெரியும்?"

"எதிர வர்ற மனுசன் சட்டையில பித்தான் தெரியாதா? அதேதான் மொகம், கன்னத்துல அதே அம்மத் தழும்பு. பதினோரு வருசமா வாரம் தவறாம பாக்குறேன். ஏன், நீ பாக்கலியா அண்ணி?"

மேரி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். பிறகு விசாரித்ததில், விழுப்புரத்தில் பாதிப் பேர் அவனைப் பார்த்திருந்தார்கள். அங்கிருந்து வடக்கே போகிற வண்டிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ஆள் எதிரே வருவதைப் பார்த்திருந்தார்கள். எதிரே ஒரு ஆள் வருவதை யாரும் அதிசயமாக ஊருக்குப் போய்ச் சொல்வதில்லை. கேங் லைனில் அவனோடு வேலை பார்த்தவர்கள், சம்சாரத்துக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ரயிலில் ஒரு மணி நேரம்தான் ஆகும். பதினோரு வருஷமாக அவள் அவனுக்குப் பின்னாலேயே ஓடியிருந்தாள். அவன் போகிற ஊருக்குப் போய் நிற்க வேண்டும் என்று இலக்கணம் தெரிந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பொன்னிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மேரி ஜங்ஷனுக்கு வடக்கே லெவல் கிராஸிங்கைத் தாண்டி சிக்னல் கைகாட்டி வரைக்கும் நடந்தாள். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் நெல் நட்டிருந்தார்கள். தேவசகாயம் வந்துகொண்டிருந்தான். கன்னத்தில் அந்த அம்மைத் தழும்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. முகம் சுருங்கித்தான் இருந்தது. பிளாட்பாரத்தில் அவள் திருத்தியபோது சுருங்கிய முகம். விரிவதற்கு அதற்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் அவளைப் பார்த்ததும் அது மெல்ல இளகியது.

"மேரியா? நீ எங்க இங்க? எனக்கு முன்னாடி வந்துட்டியா?"

"வந்துட்டேங்க."

"நீ இந்தப் பக்கம் வரமாட்டன்னுதான் நெனச்சினு இருந்தேன்." அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "இன்னா மேரி, தலையெல்லாம் நரைச்சிப் போச்சி?"

"வெயில்ல உங்களுக்கு அப்டித் தெரியுது."

"பொன்னி வூட்டுக்குப் போனியா?"

"அங்கதாங்க இருக்கேன். அவளுக்கு ஜுரம், இப்ப தேவல."

"அது போதும்" என்றான் தேவசகாயம். அவள் முன்னால் ஓடிப் பார்த்தாள். தூரம் குறையவில்லை. அவள் நின்றுவிட்டாள். அவன் நடந்துகொண்டிருந்தான். இருட்டும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பொன்னியின் கல்யாணத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள், யார் யார் வந்தார்கள் என்பதைத்தான் அவன் சொன்னான். அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் ரயிலேறி ஒரு சாயங்காலம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் மேரி திண்டிவனத்து வேலையை விட்டுவிட்டு, கோலியனூரில் சேரிப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கிய சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். சம்பளம் பாதிதான். மாசிலாமணி ஆசிரியர் ஒருமுறை பார்க்க வந்தார். கைகாட்டி அருகே நின்று தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டார். மேரி தினம் பள்ளிக்கூடம் விட்டதும் பொன்னி வீட்டுக்காரர் வண்டியில் வந்து கிராஸிங்கில் இறங்குவாள். அவளுக்கு வயது ஐம்பதைத் தொட்டது, அவன் முப்பதைத் தாண்டவில்லை. ஊரில் சிலர் அம்மாவும் பிள்ளையும் என்று நினைத்துக்கொண்டார்கள், அவள் திருத்தவில்லை. கடலூர்ப் பாசஞ்சர் போன பிறகும் கேட்கீப்பர் மண்ணாங்கட்டி கேட்டைத் திறக்காமல் சற்று நேரம் வைத்திருப்பார். ஆள் ஒன்று தண்டவாளத்தோரம் வந்துக்கினு இருக்குது, இரு என்பார். மாட்டுவண்டிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அந்த நேரத்தில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் பழகிக்கொண்டார்கள்.